பண்டிகைக் காலமும் தாயின் மனச்சுமையும்

பண்டிகை என்ற சொல்லைக் கேட்டதும் விளக்கொளியும் விருந்தும் புத்தாடையும் பிள்ளைகளின் ஆரவாரமுமே நம் நினைவுக்கு வருகின்றன. அந்நாளிலே வீட்டிற் காணப்படும் நிறைவு தானாகவே தோன்றியதென்று எண்ணிவிடுவது எளிது. ஆனால், மா எவ்வளவு வேண்டும், எவர் எவருக்குப் புத்தாடை எடுக்க வேண்டும், வரவிருக்கும் உறவினருள் எவருக்கு எந்த உணவு ஒவ்வாது, சென்ற ஆண்டு எவர் வீட்டிலிருந்து பலகாரம் வந்தது, இவ்வாண்டு அவர்களுக்கு யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்ற கேள்விகளெல்லாம் பண்டிகைக்குப் பல கிழமைகளுக்கு முன்னரே ஒருவருடைய மனத்தில் எழுந்து, அங்கேயே விடையும் பெற்றிருக்கின்றன. பெரும்பாலான வீடுகளில் அந்த ஒருவர் தாயே ஆவார்.

கையாற் செய்யும் வேலை கண்ணுக்குத் தெரியும். மா இடிப்பவளையும் அடுப்படியில் வியர்த்து நிற்பவளையும் கண்டு இரக்கங் கொள்வோர் உண்டு. உதவிக்கு வருவோரும் உண்டு. மனத்தாற் செய்யும் வேலைக்கு இத்தகைய சாட்சி கிடையாது. முன்கூட்டி எண்ணுதல், மறவாதிருத்தல், பிறர் மறந்தவற்றையும் சேர்த்து நினைத்தல், எல்லாம் ஒழுங்காக நடந்தேறுமோ என்று கவலையுறுதல் ஆகிய இவற்றையே மனச்சுமை என்கின்றோம். இச்சுமை பெண்ணின் இயல்போடு பிறந்ததென்றும், ஆதிதொட்டு அவ்வாறே இருந்து வருவதென்றும் பலர் கருதுகின்றனர். சரித்திரம் அவ்வாறு கூறவில்லை. பண்டிகை எப்பொழுது வீட்டுக்குள் வந்தது, வந்தபோது அதன் பொறுப்பு யார் தலையில் வைக்கப்பட்டது என்று ஆராய்ந்தால், இச்சுமையின் பெரும்பகுதி அண்மைக் காலத்தில் ஏற்றப்பட்டதே என்பது புலனாகும். இதற்கு நத்தார்ப் பண்டிகையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அப்பண்டிகை அடைந்த மாற்றங்களை ஆண்டு வாரியாகச் சுட்டிக் காட்ட இயலுமாதலால், நம் ஆராய்ச்சிக்கு அது மிகவும் பொருத்தமானது.

முற்காலத்து இங்கிலாந்தில் நத்தார் என்பது டிசம்பர் 25 ஆந் திகதி தொடங்கிப் பன்னிரண்டு நாட்கள் நீடித்த ஊர்க் கொண்டாட்டமாகும். வயல் வேலை குறைந்து, களஞ்சியம் நிறைந்து, மதுவும் இறைச்சியும் கைக்கெட்டும் குளிர்காலம் அது. நிலப்பிரபுவின் மண்டபத்தில் குடியானவர்களுக்கு விருந்து நடந்தது. இளைஞர்கள் கூட்டங் கூட்டமாக வீடு வீடாகச் சென்று பாடி, உணவும் மதுவும் பெற்றனர். வேடமிட்டு ஆடுவோரும், ஒரு நாளைக்கு எசமானனைப் போல நடித்து எசமானனையே ஏளனஞ் செய்வோரும் இருந்தனர். பெண்கள் அப்பொழுதும் சமைத்தார்கள் என்பதில் ஐயமில்லை. எனினும், கொண்டாட்டத்தை நடாத்தும் பொறுப்பு ஆலயத்திடமும் பிரபுவிடமும் ஊராரிடமும் பரந்து கிடந்தது. ஒரு குடும்பத்தின் தாய் தன் பிள்ளைகளுக்காகப் பண்டிகையை உருவாக்கிக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் அக்காலத்தில் வேரூன்றியிருக்கவில்லை.

இக்கொண்டாட்டத்தின் ஆரவாரத்தைச் சமயத் தூய்மைவாதிகள் வெறுத்தனர். 1647 ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பாராளுமன்றம் நத்தார்ப் பண்டிகையை ஒழித்துக் கட்டளை பிறப்பித்தது. 1660 இல் மன்னராட்சி மீண்டபோதுதான் அத்தடை நீங்கியது. அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால், மசாசூசெற்ஸ் குடியேற்றத்தில், 1659 முதல் 1681 வரை நத்தாரைக் கொண்டாடியோருக்கு ஐந்து சிலிங் தண்டம் விதிக்கும் சட்டம் நடைமுறையிலிருந்தது. தெருவிற் கூடிக் குடித்துக் கூத்தாடும் விழாவாக இருந்தமையினாலேயே அதற்கு இத்துணை எதிர்ப்பு எழுந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைமை மாறலாயிற்று. கைத்தொழில் வளர்ந்தது, நகரங்கள் பெருத்தன. கிராமத்திலே பிரபுவின் வாசலில் நின்று பாடிய இளைஞர் கூட்டம், நகரத் தெருக்களில் முன்பின் அறியாத வேலையற்றோர் கூட்டமாக மாறியது. வசதி படைத்த குடும்பங்கள் அதனைக் கண்டு அஞ்சின. பண்டிகையைத் தெருவிலிருந்து எடுத்து வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ள அவை விரும்பின. நியூயோர்க் நகரை மையமாகக் கொண்டு இம்மாற்றத்தை ஆராய்ந்த ஸ்ரீவன் நிசன்போம் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர், 1996 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக விளக்கியுள்ளார். 1823 டிசம்பர் 23 ஆந் திகதி நியூயோர்க் மாநிலத்து ட்ரோய் நகரப் பத்திரிகை ஒன்றில், நள்ளிரவிலே பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டு வரும் புனித நிக்கலஸ் பற்றிய கவிதை ஒன்று ஆசிரியர் பெயரின்றி வெளியாயிற்று. அது பெரும் புகழ் பெற்றது. முன்னர்ப் பணக்காரன் ஏழைக்கு அளித்த கொடை, இப்பொழுது பெற்றோர் பிள்ளைக்கு அளிக்கும் பரிசாக உருமாறியது. பண்டிகையின் நடுநாயகம் ஊர் அன்று, குழந்தை என்றாயிற்று. குழந்தை நடுநாயகமானதும், அக்குழந்தையை வளர்க்கும் தாய் பண்டிகையின் பொறுப்பாளராவதைத் தவிர்க்க முடியவில்லை.

அடுத்த அரை நூற்றாண்டில் புதிய வழக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. 1840 இல் இங்கிலாந்தில் ஒரு பென்னித் தபாற் கட்டணம் அறிமுகமாயிற்று. 1843 இல் ஹென்றி கோல் என்ற அரசாங்க உத்தியோகத்தர், நண்பர் அனைவருக்கும் தனித்தனியே கடிதம் எழுத நேரமின்மையால், ஹோஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஒரு வாழ்த்து அட்டையை வரைவித்து அச்சிட்டார். மேலதிகமாக அச்சிட்டவை ஒவ்வொன்றும் ஒரு சிலிங் விலைக்கு விற்கப்பட்டன. 1870 இல் அரைப் பென்னிக் கட்டணம் வந்தபின் வாழ்த்து அட்டை எல்லா இல்லங்களிலும் புகுந்தது. இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனித்தல் வேண்டும். ஓய்வில்லாத ஓர் ஆண்மகனின் வேலையைக் குறைப்பதற்காகப் பிறந்த பொருள், முகவரிகளைச் சேகரித்தல், எவர் அனுப்பினார் எவர் அனுப்பவில்லை என்று கணக்கு வைத்தல், பதில் அனுப்புதல் என்ற புதிய வேலையாக வளர்ந்து, இறுதியில் இல்லத்தரசியின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

நத்தார் மரமும் அவ்வாறே வந்தது. ஜெர்மனியில் நெடுங்காலமாக வழங்கிய அவ்வழக்கம் அரச குடும்பத்தினூடாக இங்கிலாந்துக்கு வந்திருந்தது. விக்ரோறியா மகாராணியாரும் அல்பேட் இளவரசரும் பிள்ளைகளோடு அலங்கரித்த மரத்தைச் சூழ நிற்கும் படத்தை 1848 ஆம் ஆண்டில் இலண்டன் சித்திரப் பத்திரிகை ஒன்று வெளியிட்டது. இரண்டாண்டுகளின் பின், 1850 இல், அமெரிக்காவிற் புகழ் பெற்றிருந்த ஒரு பெண்கள் சஞ்சிகை, மகாராணியாரின் முடியை நீக்கிவிட்டு அதே படத்தைப் பிரசுரித்தது. முடி நீங்கியதும் அரசி மறைந்தாள். ஒரு சாதாரணக் குடும்பத்தின் தாய் தோன்றினாள். எந்த வீட்டுத் தாயும் தன் பிள்ளைகளுக்கு இவ்வாறு செய்யலாம் என்று அப்படம் சொல்லிற்று. நாளடைவில் செய்தேயாக வேண்டும் என்றும் சொல்லலாயிற்று. அப்படம் பெண்கள் படிக்கும் சஞ்சிகையில் வந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. புது வழக்கத்தைப் பற்றிய செய்தி யாருக்கு அனுப்பப்பட்டதோ, அவருக்கே அதன் பொறுப்பும் அனுப்பப்பட்டது.

இப்புதிய சுமையின் மிகத் தெளிவான சித்திரம் ஒன்றை, அதே 1843 ஆம் ஆண்டின் டிசம்பரில் சாள்ஸ் டிக்கின்ஸ் வெளியிட்ட நத்தார்க் கதையிற் காணலாம். அக்கதையில் வரும் எழுதுவினைஞர் கிராச்சிற்றின் குடும்பம் மிக வறியது. துணி அவிக்கும் செப்புக் கொப்பரையில் அவர்களுடைய புடிங் வேகின்றது. அதனை எடுக்கச் செல்லும் தாய், பிறர் பார்த்திருக்கத் தாங்காதவளாய்த் தனியே செல்கின்றாள். சரியாக வெந்திருக்குமோ, எடுக்கும்போது உடைந்துவிடுமோ, எவனாவது கொல்லைச் சுவரேறித் திருடியிருப்பானோ என்றெல்லாம் ஐயங்கள் எழுகின்றன. புடிங் நல்லபடி மேசைக்கு வந்து, மணமுடித்த காலந்தொட்டு அவள் செய்தவற்றுள் இதுவே தலைசிறந்ததென்று கணவர் பாராட்டிய பின்னர்தான், மாவின் அளவு பற்றித் தன் மனத்தில் ஐயம் இருந்ததென்று அவள் வாய் திறக்கின்றாள். அதுவரை அந்த வீட்டில் எவரும் அவ்வையத்தை அறியார். குடும்பம் முழுவதும் சிரித்திருந்த வேளையில், மாவின் அளவைத் தனியே மனத்திற் சுமந்து கொண்டிருந்தவள் அவள் ஒருத்தியே. மனச்சுமை என்ற பெயர் தோன்றுவதற்கு நூறாண்டுகளுக்கு மேல் முன்னரே, டிக்கின்ஸ் அதனைக் கண்டு எழுதிவிட்டார்.

வசதி படைத்த வீடுகளில் நிலைமை வேறாக இருந்ததா? 1861 இல் நூலாக வெளிவந்த இஸபெலா பீற்றன் அம்மையாரின் குடும்ப நிருவாக நூல், வீட்டுத் தலைவியைப் படைத் தளபதியோடு ஒப்பிட்டுத் தொடங்குகின்றது. அவ்வுவமையில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. தளபதி வாளெடுத்துப் போரிட வேண்டியதில்லை. ஆயினும் எல்லாவற்றையும் அவனே எண்ண வேண்டும். அக்கால நடுத்தர வகுப்பு வீடுகளிற் பணிப்பெண்கள் இருந்தனர். நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திலும் வேல்சிலும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் வீட்டுப் பணியாளராக உழைத்தனர். பண்டிகை நாளில் எசமானியின் மனச்சுமையோடு அவர்களுடைய கைச்சுமையும் சேர்ந்தே அவ்விருந்து ஆக்கப்பட்டது. அப்பணிப்பெண்கள் தம் சொந்தத் தாயோடு பண்டிகையைக் கொண்டாடும் பேறு பெற்றவரல்லர் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

நத்தார் புடிங்கைப் பண்டிகைக்கு ஏறத்தாழ ஐந்து கிழமைகளுக்கு முன்னரே கிண்டிவைத்து ஊறவிடுவது ஆங்கில வழக்கம். அதற்கென ஒரு ஞாயிற்றுக்கிழமையும் பெயர் பெற்றிருந்தது. அந்நாளில் வீட்டார் ஒவ்வொருவரும் ஒரு தரம் கலவையைக் கிண்டுவர். கிண்டுவதை எல்லோரும் பகிர்ந்துகொண்டனர். அந்த நாள் வந்துவிட்டது என்பதை நினைவு வைத்திருந்து, வேண்டிய உலர்பழங்களை முன்னதாகவே வாங்கி வைத்தவர் ஒருவரே. வேலை பகிரப்படலாம், நினைவு பகிரப்படாமலே இருக்கலாம் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுவதில்லை.

இச்சுமையைப் பற்றிய முறைப்பாடும் அப்பொழுதே எழுந்தது. அமெரிக்க எழுத்தாளர் ஹரியற் பீச்சர் ஸ்ரோ 1850 ஆம் ஆண்டிலேயே, நத்தார்ப் பரிசுகளைத் தெரிந்தெடுக்கும் தொல்லையால் மனஞ் சலித்த ஒரு பெண்ணைப் பற்றிக் கதை எழுதினார். 1912 இல் நியூயோர்க் நகரில், பயனற்ற பரிசளிப்பைத் தடுப்பதற்கென ஒரு சங்கமே தோன்றியது. கடைகளில் உழைத்த பெண்கள் தம் சொற்பச் சம்பளத்திலிருந்து மேலதிகாரிகளுக்குப் பரிசு வாங்கிக் கொடுக்க வேண்டிய கட்டாயத்தை எதிர்த்து எழுந்தது அது. முன்னாள் சனாதிபதி தியோடர் றூஸ்வெல்ற்றும் அதில் அங்கத்தவரானார். பண்டிகையின் வழக்கங்கள் கடவுள் கட்டளையல்ல, மக்கள் கூடித் தீர்மானித்தால் குறைக்கப்படக் கூடியவையே என்று அக்காலத்தவரே உணர்ந்திருந்தனர் என்பதற்கு இச்சங்கம் சான்றாகும்.

பின்னர் இயந்திரங்கள் வந்தன. வாயு அடுப்பும் மின்சார அடுப்பும், சலவை இயந்திரமும் குளிர்சாதனப் பெட்டியும் தாய்மாரை விடுவிக்கும் என்று விளம்பரங்கள் முழங்கின. றூத் ஷ்வாற்ஸ் கவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983 இல் வெளியிட்ட நூலில் இந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தார். அவர் கண்ட முடிவு வியப்புக்குரியது. முன்பு விறகு பிளந்தவர் ஆடவர். தானியத்தை ஆலைக்குச் சுமந்தவரும் ஆடவரே. புதிய அடுப்பும் ஆலை மாவும் வந்தபின் ஆடவரின் பங்கே பெரிதும் குறைந்தது. மெல்லிய வெண்மா மலிவானதும், முரட்டு ரொட்டியோடு நிறைவடைந்த குடும்பம் கேக் வேண்டுமென்று கேட்கலாயிற்று. வெளியே வண்ணாத்தியிடம் அனுப்பிய துணிகள் சலவை இயந்திரம் வந்ததும் வீட்டுக்குத் திரும்பின. துவைக்கும் தடவைகளும் பெருகின. கை நோவு குறைந்தது உண்மையே. ஆனால், இவ்வளவு போதும் என்ற அளவுகோல் உயர்ந்துகொண்டே சென்றமையால், மிச்சப்படுத்திய நேரம் தாயின் கைக்கு வந்து சேரவில்லை. எந்த இயந்திரமும் மறவாதிருக்கும் வேலையை அவளிடமிருந்து எடுத்துக் கொள்ளவுமில்லை.

இருபதாம் நூற்றாண்டில் நடுத்தர வகுப்பு வீடுகளிலிருந்து பணிப்பெண்கள் மறைந்தனர். தளபதியே படைவீரருமானார். பின்னர் அவரும் வெளியே உத்தியோகத்துக்குச் செல்லலானார். தொழிலகத்தில் ஒரு முறை, வீட்டில் மற்றொரு முறை என இரண்டு முறை வேலை செய்யும் பெண்களின் நிலையை ஆர்லி ஹொக்சைல்ட் என்ற சமூகவியலாளர் 1989 ஆம் ஆண்டு நூலில் எடுத்துக் காட்டினார். ஆண்டின் ஏனைய நாட்களில் இரு முறை என்றால், பண்டிகைக் காலத்தில் மூன்றாவது முறையும் வந்து சேர்கின்றது என்று நாம் சொல்லலாம்.

அம்மூன்றாவது வேலைக்குப் பெயரிட்டவர் மிக்கேலா டி லியொனார்டோ என்ற மானிடவியலாளர். கலிபோர்ணியாவில் வாழ்ந்த இத்தாலிய வம்சாவளிக் குடும்பங்களை ஆராய்ந்து 1987 இல் அவர் எழுதிய கட்டுரையில், வாழ்த்து அட்டை அனுப்புதல், உறவினரை அழைத்தல், விருந்துகளை ஒழுங்கு செய்தல், பரிசுகளை நினைவு வைத்து வாங்குதல் ஆகியவற்றை உறவு பேணும் உழைப்பு என்று வகுத்தார். இது ஓய்வுநேரப் பொழுதுபோக்கன்று, உழைப்பே என்பது அவர் துணிபு. கணவனுடைய உறவினரோடு தொடர்பு பேணுபவளும் பெரும்பாலும் மனைவியே என்பதையும், வீட்டில் அதனைச் செய்யும் பெண் இல்லாதபோது அத்தொடர்புகள் தளர்ந்துவிடுவதையும் அவர் கண்டார். ஓர் உழைப்பு நின்றபோது அதன் பயனும் நின்றுபோகுமானால், அது உழைப்பே என்பதற்கு வேறு என்ன சான்று வேண்டும்?

இதற்குச் சற்று முன்னர், 1984 இல், மொனீக் ஹைக்கோ என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளர் மனச்சுமை என்ற கருத்தை விளக்கி எழுதியிருந்தார். தொழிலகத்தில் இருக்கும்போதும் வீட்டை நினைந்து, ஒரே பொழுதில் இரண்டு உலகங்களை மனத்தில் வைத்து நடாத்தும் நிலையே அது. 2019 இல் அலிசன் டாமிங்கர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 35 தம்பதிகளிடம் தனித்தனியே வினவி இவ்வேலையை நான்கு படிகளாகப் பிரித்தார். தேவையை முன்கூட்டி உணர்தல், வழிகளைத் தேடுதல், தீர்மானித்தல், நடந்ததா என்று கண்காணித்தல் என்பன அந்நான்கும். இவற்றுள் தீர்மானிக்கும் படியிலே கணவரும் மனைவியரும் பெரும்பாலும் சேர்ந்தே நின்றனர். முதற்படியும் இறுதிப்படியுமே பெண்களின் பங்கில் மிகுதியாக விழுந்தன. தீர்மானத்திலே அதிகாரம் உண்டு. ஆகவே அதிற் பங்கு கொள்ள ஆளுண்டு. உணர்வதிலும் கண்காணிப்பதிலும் கவலையே உண்டு.

நேயர்களே, இச்சுமையை இறக்குவதற்கு மரபு வழியாகவே முயன்ற நாடு எதுவும் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். அயர்லாந்து தேசத்தில், சிறப்பாகக் கோர்க், கெறி ஆகிய தென்மேற்கு மாவட்டங்களில், சனவரி 6 ஆந் திகதியாகிய மூவிராசாக்கள் திருநாளைப் பெண்களின் நத்தார் என்று அழைப்பர். பன்னிரண்டு நாட்களும் சமைத்தும் பரிமாறியும் களைத்த பெண்கள் அன்று ஓய்ந்திருப்பர். ஆடவர் அடுப்பைப் பார்த்துக்கொள்வர். பெண்கள் ஒருவர் வீட்டுக்கொருவர் சென்று, எஞ்சிய கேக்கையும் தேநீரையும் உண்டு உரையாடி மகிழ்வர். நலிந்து வந்த இவ்வழக்கம் அண்மைக் காலத்தில் புத்துயிர் பெற்றுள்ளது. தாய்மார் களைப்படைகின்றனர் என்பதை ஒரு சமூகம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, அதற்கென நாட்காட்டியில் ஓரிடம் ஒதுக்கியமை பாராட்டத்தக்கதே. ஆயினும், பன்னிரண்டு நாட்சுமைக்கு ஒரு நாள் ஓய்வு ஆறுதலாகுமேயன்றித் தீர்வாகாது. சனவரி 7 ஆந் திகதி விடிந்ததும் பழைய ஏற்பாடே மீள்கின்றது.

ஒரு நாள் ஓய்வினாற் பெரும் பயன் விளைந்த நாடு ஐஸ்லாந்து. அங்கே 1975 ஒக்டோபர் 24 ஆந் திகதி, பெண்களுள் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தொழிலகத்திலும் வீட்டிலும் வேலை செய்ய மறுத்தனர். தந்தையர் பிள்ளைகளை அலுவலகங்களுக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தது. காணாத வேலையைக் காணச் செய்வதே அந்நாளின் நோக்கம், அது நிறைவேறிற்று. மறு ஆண்டில் ஆண் பெண் சமத்துவச் சட்டம் நிறைவேறியது. 1980 இல் அந்நாட்டு மக்கள் விக்டிஸ் பின்பொகதோத்திர் என்ற பெண்மணியைச் சனாதிபதியாகத் தெரிந்தெடுத்தனர். அயர்லாந்தின் நாள் வழக்கமாக நின்றது. ஐஸ்லாந்தின் நாள் சட்டத்துக்கு வழி கோலியது. ஓய்வு அளித்தல் வேறு, பொறுப்பை மாற்றியமைத்தல் வேறு என்பதை இவ்விரு நாட்களும் நமக்கு உணர்த்துகின்றன.

இவை பிற நாட்டுச் செய்திகள் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆங்கிலேயர் ஆட்சியோடு நத்தார் அட்டையும் நத்தார்க் கேக்கும் இலங்கைக்கும் வந்தன. றவையும் கஜுவும் நீற்றுப்பூசணித் தோசியும் சேர்த்து நம் நாட்டில் ஆக்கப்படும் நத்தார்க் கேக், பல நாட்களுக்கு முன்னரே பழங்களை நறுக்கி ஊறவைத்துச் செய்ய வேண்டிய பெருவேலை. தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் பலகாரஞ் சுடும் வீடுகளிலும், நோன்புப் பெருநாளுக்குப் பிள்ளைகளின் உடையை எண்ணிப் பார்க்கும் வீடுகளிலும், பண்டங்கள் வேறே தவிர நினைவைச் சுமப்பவர் வேறல்லர். முன்பு மா இடிப்பதற்கும் பலகாரஞ் சுடுவதற்கும் அயல் வீட்டுப் பெண்கள் கூடி வந்தனர். இன்று மா பொதியாகக் கடையிற் கிடைக்கின்றது. கூடி வந்த கைகள் இல்லை. எண்ணும் மனம் மட்டும் முன்போலத் தனித்தே எண்ணுகின்றது.

அங்ஙனமாயின் சரித்திரம் நமக்குக் கூறும் பாடங்கள் யாவை? முதலாவது, சொன்னாற் செய்வேன் என்பது சுமையை இறக்குவதாகாது. எதை, எப்பொழுது, எவரிடம் சொல்வது என்று எண்ணுவதே சுமையின் பெரும்பகுதி. கணவரோ வளர்ந்த பிள்ளைகளோ ஒரு வேலையை ஏற்பதாயின், அதன் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஏற்றல் வேண்டும். தந்தையின் பக்கத்து உறவினருக்கு வாழ்த்தும் பரிசும் அனுப்புவது தந்தையின் பொறுப்பென்றால், யார் யாருக்கு என்று நினைப்பதும், வாங்குவதும், சேர்ந்ததா என்று விசாரிப்பதும் அவருடையதே. கடைக்குப் போய் நின்றுகொண்டு, என்ன வாங்குவது என்று வீட்டுக்குத் தொலைபேசியிற் கேட்பவர் பையை மட்டுமே சுமக்கிறார்.

இரண்டாவது, கூட்டப்பட்டவற்றைக் குறைக்கவும் கூடும். அட்டையும் மரமும் பரிசும் ஒவ்வொன்றாக வந்தபோது பழையவற்றுள் எதுவும் கழிக்கப்படவில்லை. குடும்பத்தார் பண்டிகைக்கு ஒரு மாதத்துக்கு முன் கூடியிருந்து, செய்வன எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, இவற்றுள் எவை நமக்கு உண்மையில் மகிழ்ச்சி தருகின்றன, எவை ஊர் பேசும் என்ற அச்சத்தினாற் செய்யப்படுகின்றன என்று வினவிப் பார்த்தல் நன்று. எழுதும்போதே ஒரு பயன் விளையும். ஒருவர் மனத்தில் மட்டும் இருந்த பட்டியலை வீட்டார் அனைவரும் முதன்முறையாகக் கண்ணாற் காண்பர்.

மூன்றாவது, ஒப்படைத்த வேலை ஒப்படைத்தவரின் அளவுகோலின்படியே முடியவேண்டுமென்று எதிர்பார்த்தலும் ஆகாது. மகன் சுற்றும் முறுக்கு கோணலாகலாம். கணவர் தெரிந்தெடுத்த சேலையின் நிறம் பிடிக்காமற் போகலாம். அதனைத் திருத்தச் சென்றால் கண்காணிக்கும் வேலை மீண்டும் தாயிடமே திரும்பிவிடும். கோணலான முறுக்கும் இனிய பண்டிகையும் ஒரே வீட்டில் இருக்கலாம்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். பண்டிகையை நடாத்துவதில் தாய்க்கு மகிழ்ச்சியும் பெருமையும் இல்லையா, அதனை அவளிடமிருந்து பறிக்கலாமா என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. உறவு பேணும் உழைப்பினால் பெண்கள் குடும்பத்தில் நிறைவும் செல்வாக்கும் பெறுகின்றனர் என்பதை டி லியொனார்டோவும் ஒப்புக்கொண்டார். தன் கைப்பண்டத்தைப் பிள்ளைகள் விரும்பி உண்பதைக் காணும் தாயின் மகிழ்ச்சியை எவரும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் விரும்பி ஏற்பதும், வேறு ஏற்பார் இல்லாமையால் ஏற்பதும் ஒன்றல்ல. விருப்பமான பகுதியை அவள் வைத்துக்கொள்ளட்டும். எஞ்சியதை வீட்டார் பங்கிட்டுக்கொள்ளட்டும். எது விருப்பமான பகுதி என்று அவளிடமே கேட்டறிவது முதற்கடமை.

தெருவிலே ஊரார் கொண்டாடிய விழா வீட்டுக்குள் வந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளே ஆகின்றன. வந்தபோது அதன் பொறுப்பை ஒருவர் மனத்தில் வைத்தவர்கள் மனிதர்களே. அதனை வேறு விதமாகப் பங்கிடுவதும் மனிதரால் இயலும். கிராச்சிற்றின் மனைவி மாவின் அளவைப் பற்றிய தன் ஐயத்தைப் புடிங் உண்ட பின்னர்தான் வெளியிட்டாள். அதனைக் காலையிலேயே அவள் சொல்லியிருந்தாலென்ன? கேட்பதற்கு ஒருவர் அருகிலிருந்து, நான் அளந்து பார்க்கிறேன், நீ சற்றே அமர்ந்திரு என்று சொல்லியிருந்தாலென்ன? அடுத்த பண்டிகைக்கான ஆயத்தம் நம் வீடுகளில் தொடங்கும் நாளில், மாவின் அளவை இப்பொழுது எண்ணிக்கொண்டிருப்பவர் யார் என்று ஒவ்வொருவரும் கேட்டுப் பார்ப்போமாக.